சத்தம் போட்டால் அவுட்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் படப்பை வீட்டுக்கு வந்து படுத்தால் மாலைவரை தூங்குவேன். கோடை விடுமுறையில் இரண்டு பிள்ளைகளும் வீட்டிலேயே இருந்தும் என் தூக்கம் கெட்டதில்லை. பிள்ளைகளை அவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறேன் என்று கேன்டீனில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் கரண்ட் போய் மதியமே விழித்துவிட்டேன். கதவிடுக்கில் பார்த்தால், ஹாலில் கிரிக்கெட். என் பழைய சாக்ஸைச் சுருட்டியதுதான் பந்து. மகன் அவுட்டானதும் ஆறு வயது மகள் வாயைப் பொத்திக்கொண்டு தலையணைமேல் குதித்தாள்.

"இன்னா ஆட்டம் இது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"சத்தம் போட்டா அவுட்டு. லீவு வுட்டதுலேர்ந்து இப்டித்தான் ஆடிகினு இருக்குதுங்க. உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?"

மறுநாள் மூன்று மணிக்கே அலாரம் வைத்து எழுந்து மட்டையைப் பிடித்தேன். முதல் பந்திலேயே "சிக்ஸர்" என்று கத்தினேன். மகள் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாப்பா. அப்பா தூங்குறாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அப்போதும் சத்தமில்லாமல்தான் சிரித்தாள்.

பள்ளி திறப்பதற்குள் இவர்களைக் கத்த வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். தினமும் மூன்று மணிக்கு எழுந்தேன். வேலையில் கொட்டாவி விட்டு சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினேன். ஆனாலும் விடவில்லை.

விடுமுறையின் கடைசி வாரம் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "சார், உங்க பசங்க சத்தம் தாங்க முடியல."

பிள்ளைகளைப் பற்றி அதைவிட நல்ல சொல்லை நான் கேட்டதில்லை.