தையலக்கா தன்னைக் காட்டப் போனது

அந்தத் தெருப் பெண்கள் யாரும் நர்ஸம்மா பேச்சைக் கேட்கவில்லை. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று அவர் வாயைத் திறந்தாலே அவர்களுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்துவிடும். அதனால் அவர் தையலக்காவைப் பிடித்தார். அளவெடுக்க எல்லாரும் அவளிடம்தானே வந்து நிற்கிறார்கள்?

தையலக்கா கூச்சக்காரி. முகத்தைப் பார்த்துப் பேச வராது. முதுகுக்குப் பின்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "வலி இல்லேன்னாலும் ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க அண்ணி. ஆரம்பத்துலயே தெரிஞ்சா குணப்படுத்தலாமாம்."

"துணியைத் தைக்கச் சொன்னா என்னையே வெட்டித் தைக்கப் பாக்குறியேடி!" என்று சிரித்தபடியே ஒவ்வொருத்தியாகப் போய்வந்தார்கள்.

தையலக்கா மட்டும் போகவில்லை. ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது? புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவளுக்கு அளவெடுக்கக்கூட ஆளில்லை. பழைய சட்டையை விரித்துப்போட்டு வெட்டிக்கொள்வாள்.

"ஊரையே அனுப்பிட்டே, நீ எப்போ வரப்போறே?" என்று நர்ஸம்மா ஒருநாள் கேட்டேவிட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"யாருமில்லைங்க."

"சரி, படு. என் கை சில்லுன்னு இருக்கும்."

இன்னொருவர் கை தன்மேல் பட்டு எத்தனை வருஷம் ஆயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதே, கைக்கு எதுவும் தட்டுப்படல."

வெளியே பெஞ்சில் முன்பின் தெரியாத ஒருத்தி காத்திருந்தாள். தையலக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லையாம்," என்றாள்.