மளெயா, மாலெயா?

போன வருடம் ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை காலை, பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறியபோது நடந்தது இது.

அன்று பெங்களூரு ஜெயநகரில் என் அக்கா மகளுக்குத் திருமணம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வந்தால்தான் பெண் மணமேடை ஏறுவாள். அந்தத் தாய்மாமன் நான். அன்று காலையில் கட்டிய ஒசூர் ரோஜா மாலைதான் வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால் வீட்டார் எல்லாரும் முதல் நாளே வேனில் போய்விட, நான் மட்டும் ஒசூரை ஒட்டிய எங்கள் மூக்கண்டப்பள்ளியில் தங்கி, விடிந்ததும் மாலையை அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பொம்மசந்திரா வரை பஸ், அதன்பின் மெட்ரோ என்பது திட்டம். எதையும் சரிபார்க்காமல் செய்கிறவன் அல்ல நான். முந்தைய வாரமே அதே ரயிலில் போய்ப் பார்த்திருந்தேன். அட்டைப்பெட்டிக்கே தனி இருக்கை கிடைக்கும் போலிருந்தது.

ஆனால் நான் போய்ப் பார்த்தது வெயிலடித்த ஞாயிற்றுக்கிழமை. இந்தத் திங்கட்கிழமையோ மழை கொட்டியது. வெயில் நாளில் பைக்கில் பறக்கிறவர்கள் எல்லாம் மழை வந்தால் ரயிலுக்கு வந்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நடைமேடை முழுக்க ஹெல்மெட்டுகளும் நீர் சொட்டும் ரெயின்கோட்டுகளும்தான். அடுத்த ரயிலுக்கு நின்றால் முகூர்த்தம் தப்பிவிடும். மாலையோடு உள்ளே நுழைந்தேன். தள்ளப்பட்டேன் என்பதே சரி.

கதவு மூடியதும் நனைந்த அட்டைப்பெட்டி அடியில் பிரியத் தொடங்கியது. கையில் ஹெல்மெட் மாட்டியிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏண்ணா, அட்டை ஊறிப் பிஞ்சிக்கிச்சி பாருங்க. மாலைய எடுத்து மேல மாட்டுங்கண்ணா!”

அவரே அதை எடுத்துக் கைப்பிடிக் கம்பியில் தொங்கவிட்டார். உயரமான ஒரு கன்னடக்காரர் இரண்டு கைகளாலும் மாலைக்கு அணை கட்டி நின்றார்.

“மாப்ள ரெடி, பொண்ணு எங்கப்பா?” என்று பின்னாலிருந்து ஒரு தமிழ்க்குரல் வர, அது புரிந்து அந்தக் கன்னடக்காரர் முகம் வெட்கத்தில் சிவந்தது.

அடுத்த நிலையத்தில் கூட்டம் பாய்ந்து ஏறியது. மாலை நசுங்கிவிடுமே என்ற பதற்றத்தில் மாலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கத்தினேன்: “மாலெ இதெ! மாலெ இதெ!”

நாக்கு தடுமாறியதில் அவர்கள் காதில் அது ‘மளெ’ என்று விழுந்திருக்கிறது. கன்னடத்தில் மளெ என்றால் மழை.

“மளெ இதெ அந்த கொத்து ஸ்வாமி, அதக்கே மெட்ரோகெ பந்தித்தீவி!” என்றார் ஏறியவர்களில் ஒருவர்.

ரயிலே சிரித்தது. நான் விழித்தேன்.

“மழைன்னு தெரியும் சாமி, அதுக்குத்தான் மெட்ரோவுக்கே வந்தோம்ங்கறாருண்ணா,” என்றார் ஹெல்மெட் பெண், சிரிப்பை அடக்க முடியாமல். “‘ஹார’ன்னு சொல்லுங்க, புரியும்.”

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கடுத்த நிலையத்தில் கதவு திறந்ததும் பெட்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து, “ஹார! ஹார!” என்று கத்தினார்கள். ஏறியவர்கள் அண்ணாந்து பார்த்து, தலையைக் குனிந்து, பையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்த நெரிசலில் மாலையைச் சுற்றி மட்டும் இடம் இருந்தது.

சில்க் போர்டு நிலையத்தில் ஹெல்மெட் பெண் இறங்க வேண்டும். மாலைக்குக் காவலாகத் தன் இடத்தில் ஒரு தெலுங்குக்காரரை நிறுத்திவிட்டுத்தான் நகர்ந்தார். நன்றியாக ஒரு ரோஜாவைக் கிள்ளப் போனேன்.

“வேணாண்ணா, மாலை கொறையக்கூடாது. மொதல்ல பொண்ணு கழுத்துல ஏறட்டும்!” என்றபடி இறங்கிப் போனார்.

மண்டப வாசலிலேயே அக்கா காத்திருந்தாள். “வந்துட்டியாடா!” என்றவள் மாலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எங்கும் கசங்கவில்லை. என் கையால் அதை அணிந்துகொண்டு அக்கா மகள் மணமேடைக்கு நடந்தாள்.

தாய்மாமன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக் கிளம்பியவனுக்கு, அவளுக்கு ஒரு ரயில் நிறைய மாமன்களும் அத்தைகளும் இருக்கிறார்கள் என்று காட்டிய அந்த மழைநாளுக்குப் பிறகு, நெரிசலில் யார் தோள் என்மேல் இடித்தாலும் எனக்குக் கோபமே வருவதில்லை.