எல்லாவற்றையும் கோழி என்று வைத்துக்கொண்டவர்

முனிராஜ் இறந்துவிட்டார் என்று டெஸ்பாட்ச் மணி போனில் சொன்னபோது, "எந்த முனிராஜ்?" என்று கேட்டேன். எனக்கு நன்றாகவே தெரியும்.

"நம்ம கான்ட்ராக்ட் முனிராஜ் சார். ஜூஜுவாடி லாரி ஷெட்டுல மூட்டை ஏத்திக்கினு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தவரு எழுந்திருக்கவே இல்ல."

நல்ல மனுஷன் என்றேன். செத்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு ஒரு சிரமமும் இல்லை.

அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும், கணக்கு வராததால்தான் அவர் பர்மனென்ட் ஆகவில்லை என்று இன்னும் பேசிக்கொள்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்க நம் கம்பெனி எழுத்துத் தேர்வு வைத்தது. பயிற்சிப் பிரிவில் இருந்த நான்தான் வினாத்தாள் எடுத்தேன், நான்தான் திருத்தினேன். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் முனிராஜுக்கு அதுவே கடைசித் தேர்வு. ஒரு பண்ணையில் ஆடும் கோழியும் சேர்த்துத் தலைகள் முப்பது, கால்கள் எண்பத்தாறு. ஆடு எத்தனை, கோழி எத்தனை என்று கேட்டிருந்தேன். அவர் தாளில் 'ஆடு 13, கோழி 17' என்று ஒரே வரி. எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவன் இரண்டு சமன்பாடும் எழுதி, ஒரு பக்கம் நிரப்பி, அதே விடைக்கு வந்திருந்தான். நான் யோசிக்கவே இல்லை. 'பார்த்து எழுதியது' என்று சிவப்பு மையில் எழுதி, முழுத்தாளுக்கும் சுழியம் போட்டேன்.

அதோடு விட்டேனா? கேன்டீனில் எல்லோர் முன்னாலும், "ஆட்டை எண்ணினியா, பக்கத்துப் பேப்பரை எண்ணினியா?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"விடை சரிதானே சார்?" என்றார்.

"சரிதான். ஆனா அது உன்னுது இல்ல. உனக்குக் கணக்கு வராது."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

மறுநாள் நான் டெஸ்பாட்சில் இருந்தபோது, ஆணி அடித்த பெட்டி ஒன்றில் சின்ன கியர் எத்தனை, பெரிய கியர் எத்தனை என்று தெரியாமல் பிரிக்கப் போனார்கள். மொத்த எண்ணிக்கையும் மொத்த எடையும் மட்டும் சீட்டில் இருந்தன; ஒரு சின்ன கியர் எவ்வளவு எடை, ஒரு பெரிய கியர் எவ்வளவு எடை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முனிராஜ் தடுத்தார். பெட்டியைத் தொடாமலே இரண்டு எண்களையும் சொன்னார். பிரித்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. குருட்டு அதிர்ஷ்டம் என்று மற்றவர்கள் கலைந்துபோனார்கள்.

"எப்படிய்யா?" என்று தனியாகக் கேட்டேன்.

"எல்லாத்தியும் கோழின்னு வெச்சிக்கோங்க சார். முப்பது கோழிக்கு அறுவது காலு. மிச்சம் இருவத்தாறு காலு யாருது? ஆட்டுது. ஒரு ஆட்டுக்கு ரெண்டு காலு ஜாஸ்தி. அப்போ பதிமூணு ஆடு. இதுவும் அதே மாதிரிதான்."

தேர்வு முடிவுப் பட்டியல் அப்போது என் மேஜையில்தான் இருந்தது. திருத்த ஒரு நாள் முழுதாக இருந்தது. திருத்தினால் கேன்டீனில் நான் சொன்னதையும் திரும்ப வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கத்தான் செய்தது.

ஒப்பந்தம் முடிந்து அவர் போனார். அவருடைய வழியை ஒவ்வொரு புதுச் செட்டுக்கும் சொல்லிக்கொடுத்து நான் கைதட்டல் வாங்கினேன். அவர் பெயரை எங்கும் சொன்னதில்லை.

சாவு வீட்டில் அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கணக்கு சார் நீங்கதானே? லாரி ஷெட்டுல லோடு எண்ணி எழுதற வேலை குடுத்தாங்க சார். வேணாம், எனக்குக் கணக்கு வராது, படிச்சவரே சொல்லிட்டாருன்னு மூட்டையே தூக்கினாரு. நெஜமாவே அவருக்கு வராதா சார்?"

சுற்றிலும் நீங்கள் நின்றிருந்தீர்கள்.

"கொஞ்சம் கஷ்டம்தாம்மா" என்றேன்.

அவருடைய வழியை நான் வைத்துக்கொண்டேன். இனியும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். முனிராஜுக்குக் கணக்கு வரும். உங்களில் யாராவது அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள். நான் போக மாட்டேன்.