தீனியைத் துப்பிய மீன்

திண்டிவனத்தில் நாங்கள் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள். அண்ணன், அக்கா என்றுதான் அவர்களைக் கூப்பிடுவேன். அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகு வலி வந்த பிறகு விட்டுவிட்டார். எனக்கு விழுப்புரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. காலையில் ரயிலுக்கு ஓடுவதற்கு முன் நான் தவறாமல் செய்யும் ஒரே காரியம் மீனுக்குத் தீனி போடுவது.

உள்ளங்கை அளவு ஆஸ்கார் மீன். கறுப்பு உடம்பில் நெருப்புப் பிடித்த மாதிரி ஆரஞ்சுக் கீற்றுகள். கையை மேலே கொண்டுபோனாலே தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டும். இரண்டு வருடத்தில் அது சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

ஒரு திங்கட்கிழமை அது தீனி உருண்டையை வாயில் வாங்கி, இரண்டு முறை மென்று, துப்பிவிட்டது.

"ஒரு நாளைக்கு சாப்பிடலன்னா என்ன? விரதம் இருக்குதுன்னு நினைச்சுக்க" என்றார் என் கணவர்.

செவ்வாயும் துப்பியது. புதன்கிழமை தீனி போட்டபோது திரும்பியே பார்க்கவில்லை. தொட்டியின் மூலையில், தலையைச் சற்றுக் கீழே சாய்த்து நின்றது. ஞாயிறுதோறும் கொஞ்சம் மாற்றுவது போதாமல் தண்ணீர் அழுக்காகியிருக்கும் என்று நினைத்தேன். கீழே தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்துதான் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். பிளீச்சிங் வாடை போக ஒரு நாள் பக்கெட்டில் பிடித்துவைத்து, மீன்தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மாற்றினேன். மறுநாள் மீனின் ஆரஞ்சு மங்கியிருந்தது. மறுபடி மாற்றினேன். அதற்கடுத்த நாள் அதன் செவுள்கள் வேகவேகமாக அடித்துக்கொண்டன. மறுபடியும் மாற்றினேன். மாற்ற மாற்ற ஏதோ நல்லது செய்கிறேன் என்ற திருப்தி எனக்கு.

அந்த வாரம் படியிறங்கும்போது அக்கா புலம்பினார். "உங்க அண்ணன் பத்து நாளா ஒழுங்கா சாப்பிடறதே இல்லம்மா. கேப்பைக் கூழக்கூட தள்ளி வெக்கிறாரு. வாயில எச்சியா ஊறுதாம். ஒரே பேஜாரா இருக்கு."

"டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்றேன். ரயிலுக்கு நேரமாகியிருந்தது. என் மனசெல்லாம் மாடியில் இருந்த மீன்மேல்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, விழுப்புரத்தில் நான் வழக்கமாகத் தீனி வாங்கும் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் வலையால் சின்ன மீன்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டே கேள்வி கேட்டார். எத்தனை நாளாச்சு, வயிறு உப்பியிருக்கா, உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கா. ஆறு நாளாச்சு, மற்றதெல்லாம் இல்லை என்றேன்.

"தண்ணி மாத்தினீங்களா?"

"நாலு நாள்ல மூணு தடவை மாத்தினேன்."

"மாத்தினப்புறம் தேறிச்சா, மோசமாச்சா?"

யோசித்தேன். "ஒவ்வொரு தடவையும் மோசமாத்தான் ஆச்சு."

அவர் வலையைக் கீழே வைத்தார். "அப்ப சீக்கு மீனுல இல்லங்க. வீட்ல புதுசா ஏதாச்சும் நடந்துதா? பெயின்ட் அடிச்சாங்களா, மருந்து கிருந்து தெளிச்சாங்களா?"

எனக்கு அந்த வாடைதான் முதலில் ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன் கீழ்வீட்டில் கரையானுக்கு மருந்து வைத்தார்கள். சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போட்டு ஊற்றினார்கள். நாலு நாள் வீடெல்லாம் மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம். கடைசித் துளைகள் போர்ட்டிகோவில். சம்ப்பும் அங்கேதான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

"அந்தத் தண்ணியவா நீங்க குடிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

நாங்கள் குடிப்பது கேன் தண்ணீர். ஆனால் கேன் தண்ணீர் சப்பென்று இருக்கிறதென்று அண்ணன் தொடமாட்டார். சம்ப்புத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து, அதைத்தான் நாள் முழுக்கக் குடிப்பார்.

ரயில் ஏறுவதற்குள் அக்காவுக்கு ஐந்து முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. அன்றைக்கென்று வழியில் சிக்னலுக்கு நின்ற ரயில் நகரவேயில்லை.

வீட்டுக்கு ஓடியபோது அக்கா கதவைத் திறந்து, சிரித்தபடி கையில் காப்பி டம்ளரைக் கொடுத்தார். "போன் சார்ஜுல கெடந்துச்சும்மா. ஏன் இப்பிடி மூச்சு வாங்குது? குடி மொதல்ல." டம்ளர் சுட்டது. வாய் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டேன். அக்காவின் முகம் வாடியது.

மீன் கடையில் கேட்டதைச் சொன்னேன். உள்ளேயிருந்து அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "மாடியில மீனு சாப்பிடலன்னு சம்ப்ப காலி பண்ணணுமாம்மா?"

"ஒரு தடவ மூடியத் திறந்து பாத்துடலாம்ணே."

என் கணவர்தான் திறந்தார். நாங்கள் நாலு பேரும் குனிந்தோம். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மினுங்கியது. ஒரு பக்கச் சுவரில், மேலே துளை போட்ட இடத்துக்கு நேர் கீழே, ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. அக்கா உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து வாசலில் கவிழ்த்தார்.

அன்றைக்கே அண்ணனை விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் இருந்தார். மருந்துதான் காரணம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அண்ணன் பிழைத்து வந்தார். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. மீனைக் கேன் தண்ணீருக்கு மாற்றினேன். மூன்று நாள் எதையும் தொடாமல் இருந்து, நாலாம் நாள் பக்கவாட்டில் மிதந்தது.

மருந்து வைத்தவர்களுக்கு அக்கா என் எதிரில்தான் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த ஆள் சலித்துக்கொண்டான். "உங்க வீட்டுல மட்டுமா ஊத்தினோம்? அதே வாரம் உங்க தெருவுலயே இன்னும் மூணு வீட்டுல செஞ்சோம். யாரும் ஒண்ணும் சொல்லலியே."

எந்தெந்த வீடு என்று கேட்டுக்கொண்டு போனை வைத்ததும் நானும் அக்காவும் கிளம்பினோம். முதல் வீட்டில் உடனே சம்ப்பைத் திறந்து பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. இரண்டாவது வீடு பூட்டியிருந்தது. எங்கே போனார்கள் என்று எதிர்வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் கதவுக்கு வெளியே வந்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"எங்க வீட்டுல மீனெல்லாம் இல்லியேம்மா" என்றார்.