‘நான்’ என்று எழுத மறுத்தவர்

1. பலகையில் நாலு சொல்

கனடாவில், ஸ்காபரோவில் பெரியவர்கள் படிக்கும் பள்ளியொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள்தான் என் மாணவர்கள். முதல் நாள் வைற்போர்டில் சில சொற்களை எழுதிப் போடுவேன்: சிமிலி, மெற்றஃபர், ஐரனி, நரேற்றர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். எங்கள் தமிழ் ஆட்கள் அடுத்த வகுப்புக்கு அதை எழுத்துப் பிசகாமல் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். உதாரணம் கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பார்கள்.

தவராசா அதில் முதல் ஆள். கிளிநொச்சிப் பக்கத்துக்காரர். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கி முதுகு போய்விட்டது. இனிப் பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். டிஸ்பாச் ஒஃபீஸில் இருந்து செய்யும் வேலை ஒன்று வருகிறது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் தரலாம் என்று மனேஜர் சொல்லியிருந்தார். அதற்கு மிச்சமிருந்தது என்னுடைய இந்த ஒரு பாடத்தின் கிரெடிட்தான்.

2. அவன், அவன், அவன்

சொந்த வாழ்க்கையில் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் ‘நான்’ என்று, ஃபேர்ஸ்ற் பேர்சனில் எழுதவேண்டும். அது கட்டாய அசைன்மென்ற். தவராசா கொண்டுவந்த தாளில் தொடக்கம் முதல் முடிவு வரை ‘அவன்’. திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் ‘அவன்’. இடைவேளையில் பிடித்துக்கொண்டேன்.

“நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா ‘நான்’ எண்டு மாத்தாட்டி என்னால மார்க்ஸ் போடேலாது.”

“ஏலாது ரீச்சர். வேற எதைச் சொன்னாலும் செய்யிறன். அதை மட்டும் கேக்காதேங்கோ.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “அப்ப ஃபெயில்தான். ஒஃபீஸ் வேலையும் இல்லை. சம்மதமோ?”

அவர் கோப்பிக் கப்பைக் கீழே வைத்தார்.

“இந்த நாட்டில நான் ‘நான்’ எண்டு ஒருக்காத்தான் எழுதிக் குடுத்தனான், அகதிக் கேஸுக்கு. பிறகு விசாரிக்கிற ஹியரிங்கில ஒவ்வொரு வரியா எடுத்துக் கேட்டவை. தம்பி செத்த அண்டு மழை எண்டு எழுதியிருக்கிறீர், இப்ப ஏன் மழையைச் சொல்லேல்லை எண்டு. நான் பொய் சொல்லேல்லை ரீச்சர். மறந்துபோனன். இப்ப சிற்றிசனாவும் வந்திட்டன். எண்டாலும் ‘நான்’ எண்டு எழுதினா ஆரோ எடுத்து ஒப்பிட்டுப் பாப்பினம் எண்டு பயமாக் கிடக்கு.”

எங்கள் ஆட்களில் பலர் இன்றைக்கும் ஒரு திகதியைச் சொல்லுமுன் ஒரு கணம் நிற்பார்கள், அகதிக் கேஸ் பேப்பரில் என்ன எழுதிக் கொடுத்தோம் என்று யோசித்து. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அது என் வகுப்புக்குள்ளும் வரும் என்று நினைத்ததில்லை.

“நரேற்றர் எண்டா ஆர்?” என்று கேட்டேன்.

“கதையைச் சொல்லுற ஆள்.” பாடமாக்கியது, உடனே வந்தது.

“எழுதுற ஆள் நீங்கள். கதையில ‘நான்’ எண்டு கதைக்கிறது நீங்களாத்தான் இருக்கவேணும் எண்டில்லை. அங்க நிண்ட வேற ஒருத்தரைப் பிடிச்சு, அந்தாளின்ர வாயால சொல்லுங்கோவன்.”

“பொய் எண்டு சொல்லமாட்டினமோ?”

“கதை எண்டு சொல்லுவினம்.”

ஆங்கிலத் துறைத் தலைவியிடம் இதற்கு அனுமதி கேட்டேன். முகத்தைக் கொஞ்சம் சுளித்தார், பிறகு சரியென்றார்.

3. மற்றவரின் ‘நான்’

அடுத்த கிழமை இரண்டு பக்கம் கொண்டுவந்தார். அதில் ‘நான்’ என்று பேசியவர், தவராசாவின் ஹியரிங்கில் இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

ஹியரிங்கில் மொழிபெயர்ப்பவர் ‘அவர் ஓடினாராம்’ என்று சொல்வதில்லை. எதிரே இருப்பவர் சொன்னபடியே ‘நான் ஓடினேன்’ என்பார். தவராசாவின் கதையில் அந்த மனிதர் முன்பின் தெரியாத ஒருவருக்காக நாள் முழுக்க, நான் பயந்தேன், என் தம்பி செத்துப்போனான், எனக்கு மழை ஞாபகமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்னேரம் பஸ் எடுத்து வீட்டுக்குப் போகிறார். மனைவி சாப்பாடு போடுகிறாள். அவருக்குச் சாப்பிடக் கை ஓடவில்லை. என்ன நடந்தது என்று கேட்கிறாள். கதை இப்படி முடிகிறது: ‘எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.’

ஸ்ராஃப் ரூமில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல் அழுதேன்.

தவராசா பாஸ். டிஸ்பாச் வேலையும் கிடைத்தது. கடைசி வகுப்பில் அவரிடம் கேட்டேன்:

“அந்த மொழிபெயர்ப்பாளர் வீட்டை போய்ச் சாப்பிடேல்லை எண்டு எப்பிடித் தெரியும்?”

“தெரியாது ரீச்சர். ஆனா தம்பியைச் சொல்லேக்க அந்தாளுக்குக் குரல் உடைஞ்சது. அங்க கதைச்சதெல்லாம் ரெக்கோர்ட் பண்ணினவை. அந்தக் குரல் உடைஞ்சதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை.”

இப்போதெல்லாம் ‘உங்களைப் பற்றி எழுதுங்கள்’ என்று சொல்லுமுன், ‘நான்’ என்று யாரை வேண்டுமானாலும் பேசவைக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் ‘நரேற்றர்’ என்ற சொல்லைப் பரீட்சைக்கு ஒரு மார்க் வாங்கித் தருவதாகத்தான் படிப்பித்து வந்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் பயமில்லாமல் நின்று தன் தம்பிக்காக அழலாம் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.