பந்தல் ஏறாத வீடு

வீட்டைச் சுற்றிக் காட்டும் உத்தியோகம் இருக்கிறதே, அது எந்தக் குடும்பத்திலும் அந்த வீட்டை விட்டுப் போக மனசில்லாதவர் தலையில்தான் வந்து விழும். முன்பின் தெரியாத ஆட்கள் உங்கள் அடுக்களையில் நின்று முகம் சுளிப்பதை நீங்களும் பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தால் மேலே படியுங்கள்; நாம் ஒரே ஜாதி.

எங்கள் கதை சுருக்கம். நாஞ்சில் நாடு மலையாளப் பக்கத்தை விட்டு மதராஸ் ராஜ்யத்தோடு சேரப் போகிறது என்று தீர்மானமானதும், திருவனந்தபுரம் சர்க்கார் கச்சேரியில் கணக்குப் பகுதியில் இருந்த என் அப்பா தானும் அந்தப் பக்கமே போவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். கரமனை வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலுக்குப் போவதாக ஏற்பாடு. நான் அப்போதுதான் தத்துவம் எம்.ஏ. முதல் வருஷப் பரீட்சையை முடித்திருந்தேன். நாகர்கோவிலில் எம்.ஏ. கிடையாது. ஹாஸ்டல் என்ற சொல்லை அப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "வீடு விக்கது வரைக்கும் படி. வித்தாச்சுன்னா எல்லாரும் கிளம்பணும்" என்பது அவர் தீர்ப்பு.

ஆகவே எங்கள் வாசற்படி ஏறிய ஒவ்வொருவரும் என்னுடைய இரண்டாம் வருஷத்தைப் பிடுங்க வந்தவர்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை எனக்கு! அப்பா பகல் முழுக்கக் கச்சேரியில். அம்மா அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். நான் ஒரே பிள்ளை, அதுவும் விடுமுறையில் இருப்பவள். வேறு யாரை நிறுத்துவார்கள்?

கிணற்றடியில்

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர். தரகர் குட்டன் பிள்ளை குடை பிடித்துக் கூட்டி வந்தார். தாசில்தார் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கிணற்றுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். "கோடையிலும் வெள்ளம் உண்டா?" என்று தண்ணீரை விசாரித்தார். "சமுத்திரமல்லவா சாரே!" என்றார் தரகர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தத்துவம் படிக்கிறவள் கிணற்றைச் சமுத்திரம் என்று சொல்ல விடலாமா? "பங்குனியில் வாளி சேற்றில் முட்டும். பக்கத்து வீட்டில் போய்த்தான் இறைப்போம்" என்றேன். உண்மை அன்றைக்கு எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது, அது வேறு விஷயம். தாசில்தார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரகரிடம் அரைத் தமிழில் வருத்தப்பட்டார்: "பெண்குட்டிகளைப் படிக்க வச்சா இதாக்கும் குழப்பம். கேட்டால் உடனே உத்தரம் சொல்லிப்போடும்."

நெல்லும் புஸ்தகமும்

அடுத்தவர் சாலைக் கடைத்தெருவில் நெல் வியாபாரம் செய்கிறவர், எங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கீழ்ப்பகுதியை நடந்துகொண்டே பார்த்து முடித்தார். மச்சுக்கு வந்ததும்தான் நின்றார். மச்சு என் அறை. கிழக்கே ஜன்னல், ஜன்னலடியில் மேசை, மேசை நிறையப் புஸ்தகம். உட்கார்ந்தால் தென்னை உச்சிகளுக்கு மேலே வெளிச்சம் வருவது தெரியும். அந்த வெளிச்சத்தில் நான் படித்த படிப்புத்தான் எனக்குத் தெரிந்த படிப்பு.

அவர் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். "இத அடச்சிரணும், எலி வரும். மேசையத் தூக்கிப் போட்டா மூட்டை நல்லா அடுக்கலாம்" என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த உத்தரம் நெல்லைத் தாங்காது" என்றேன். மனிதர் கோபப்படவே இல்லை. மிகவும் பிரியமாக, மகளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார்: "தாங்காதுன்னா கீழ ஒரு தூணு குடுத்தாப் போச்சு மக்களே. நெல்லுக்கு உள்ள கனம் புஸ்தகத்துக்கு உண்டா?"

வாங்காமல் பார்த்தவர்கள்

எங்கள் தெருவின் மறுகோடியிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். எல்லா அறையையும் பார்த்தார்கள். அம்மா அடுக்களையிலிருந்து அனுப்பிய காப்பியைக் குடித்தார்கள். பூஜை அறையில் விழுந்து கும்பிட்டார்கள். பரணில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார்கள். முடிந்தது என்றே நினைத்தேன். போகும்போது, எப்போது பேச வருகிறீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தே விட்டாள்: "நாங்க எங்க வாங்க? கல்யாணமாகி வந்த நாள் முதலா இந்த வீட்ட வெளியில நின்னே பாத்தாச்சு, நீங்க போறதுக்கு முன்னால ஒருக்கா உள்ள பாத்துக்கிடலாம்னு வந்தோம்."

இந்த நாட்களில் அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செங்கல் செங்கலாக அவர் நின்று கட்டின வீடு. யாராவது பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் சீக்கிரமே கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல், "என்ன சொன்னாவ?" என்பார். "வேண்டாம்னு போயிட்டாவ" என்பேன். போய்க் கிணற்றடியில் கால் கழுவுவார். நெடுநேரம் கழுவுவார்.

கடைசிக் கேள்வி

வீடு வாங்க வருகிற எங்களவர்கள் கிணறு, பக்கத்து வீடு, பாம்பு எல்லாம் கேட்டு முடித்தபின் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: இந்த முற்றத்தில் கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறதா? இந்தப் படியிறங்கி ஒரு பெண் புருஷன் வீட்டுக்குப் போயிருந்தால் அது ராசியான வீடு. வடசேரியிலிருந்து வந்த ஓர் அம்மாள் கேட்டாள். இல்லை என்றேன். "நீதான் மூத்தவளா? வயசென்ன?" என்றாள். சொன்னேன். முற்றத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். இத்தனைக்கும் கிணற்றைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை!

ஆக, சுவரில் விரிசலில்லை, கூரையில் ஒழுக்கில்லை. வீட்டுக்கு உள்ள குறை நான்தான். தரகர் வாயால் அது ஊரெல்லாம் பரவியது. வருகிறவர்கள் குறைந்தார்கள். எனக்கு நன்மைதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு நாள் அம்மா அரிசி களைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "மக்களே, இனி யாரும் வந்தா நீ பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிரு, என்னா?"

பாலக்காட்டார்

காலேஜ் திறக்கப் போகிற சமயம். மழை பிடித்துவிட்டது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்று நனைந்துகொண்டே வந்தது. குடும்பத் தலைவர் மதராஸ் சர்க்கார் உத்தியோகஸ்தர். என் அப்பா அந்தப் பக்கம் எழுதிக் கொடுத்த மாதிரி, இந்தத் திருவனந்தபுரம் பக்கம் எழுதிக் கொடுத்தவர். கூட மனைவி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள். அவருக்கு வீடு பிடித்திருந்தது. அந்தப் பெண் மச்சுக்கு ஏறியவள் இறங்கவே இல்லை. என் மேசையில் கை வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றாள்.

அவளைத் தேடி எல்லோரும் மச்சுக்கு ஏறினோம்; மாமி அங்கேயே உட்கார்ந்து கடைசிக் கேள்வியைக் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பந்தல் போட்டதில்லை, நான் இந்த வீட்டுப் பெண், எம்.ஏ. படிக்கிறேன் என்றேன். மாமி கணவரைப் பார்த்து, போகலாம் என்று எழுந்தாள். அத்தோடு விட்டிருந்தால் நான் பிழைத்தேன். மாமி விடவில்லை. "எம்.ஏ.யோ! அதான் பந்தல் ஏறலை. இவளையும் இந்த வருஷத்தோட நிறுத்திப்பிடணும்" என்று மகளைக் காட்டிச் சொன்னாள். ஜன்னலில் இருந்த பெண்ணின் கை மேசையை விட்டது.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "மாமி, எனக்குக் கல்யாணம் ஆகாதது சுவர் செய்த வேலை இல்லை, நான் வேண்டாமென்று சொன்னேன். எதிர்வீட்டைப் பாருங்கள். பந்தலுக்குமேல் பந்தலாகப் போட்டு அனுப்பின பெண்களில் பாதிப்பேர் பெட்டியோடு திரும்பி வந்து அங்கேதான் அழுதுகொண்டிருக்கிறார்கள். அது ராசியான வீடா? அதை வாங்குகிறீர்களா? இந்த வீட்டில் ஒரு பெண் யார் காலிலும் விழாமல் எம்.ஏ. வரைக்கும் வந்திருக்கிறாள். அது ராசி இல்லையென்றால் எதுதான் ராசி?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். காற்றைச் சொன்னேன், கிழக்கு வெளிச்சத்தைச் சொன்னேன், இந்த மச்சில் உட்கார்ந்தால் எந்த மக்குக்கும் படிப்பு வரும் என்றேன். குட்டன் பிள்ளை தம் தொழிலில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை போலும். வாயைப் பிளந்து நின்றார். மாமி மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டேன். மாமியின் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழந்தே, நீ சொன்னது அத்தனையும் சரியாக்கும். நமக்கு இந்த வீடே மதி, வேற பாக்க வேண்டாம்; எம் பொண்ணு இந்த மச்சிலேயே இருந்து படிக்கட்டும்."

சாயங்காலம்

அப்பா வந்தார். "என்ன சொன்னாவ?" என்றார். சொன்னேன். அன்று அவர் கிணற்றடிக்குப் போகவில்லை; முற்றத்தில் அப்படியே நின்றார். ஹாஸ்டல் பேச்சை இன்னொருமுறை எடுத்தேன், வாதம் செய்தேன், வீட்டைக் கொடுக்க வேண்டாம் என்று அழக்கூடச் செய்தேன். அப்பாவும் அழுதிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், மழையில் தெரியவில்லை. மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லலியே மக்களே. நீயில்லா பேசி முடிச்சே?"

வாதத்தில் ஜெயிப்பது எப்படி என்று எங்கள் சர்வகலாசாலையில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே வாயை மூடிக்கொண்டு தோற்க வேண்டும் என்பதை இரண்டாம் வருஷத்துக்கு வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.