பிறையை மறைத்த மலை

அம்மா மாதம் தவறாமல் மூன்றாம் பிறை பார்த்துக் கும்பிடுபவர். அன்று மூன்றாம் பிறை; மறுநாள் அவருக்கு ஆபரேஷன். பிறையைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். டாக்டரோ இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றிருந்தார்.

துடியலூரில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் மாடிக் கட்டடங்கள். அதனால் அந்த வருடத்து வானியல் கையேட்டில் நிலவு மறையும் நேரத்தைப் பார்த்து, தொண்டாமுத்தூர் வயல்வெளிக்குக் காரில் அழைத்துப் போனேன். பொழுது சாய்ந்தும் பிறையைக் காணோம். கையேட்டில் இருப்பது சமவெளிக்கான நேரம். மேற்கே நின்ற மலையை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"உன்ற புஸ்தகத்துல மலையப் போடலீங்களா அம்மணி?" என்று அம்மா சிரித்தார். பிறகு முகம் வாடியது. "சகுனம் செரியில்ல கண்ணு. ஆபரேஷன அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மலையைப் பார்த்தேன். நிலவு மலைக்குப் பின்னால்தான் இருக்கிறது. நாம் விலகிப் போனால் மலை தாழ்ந்து தெரியும். "ஏறும்மா" என்று காரைக் கிழக்கே விரட்டினேன். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பேரூர் குளக்கரையில், "நிறுத்து கண்ணு" என்றார். மலை முகட்டுக்கு மேலே நூலிழையாய்ப் பிறை.

கும்பிட்டு முடித்து, "காலைல எத்தன மணிக்குப் போகோணும்?" என்றார்.

எனக்குச் சகுனத்தில் இன்றும் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று பிறையைப் பார்த்து அழுதது அம்மா இல்லை, நான்தான்.